கட்டைவிரல் தெரியும் பிரதி

எங்கள் கட்டடத்தில் எட்டு மணிக்கு எல்லா ஜன்னல்களும் ஒன்றாக நிறம் மாறும்.

மூன்று பக்கமும் வீடுகள், நடுவில் வண்டிகள் நிற்கும் சிமெண்ட் தரை. ஐந்தாம் மாடியில் எங்கள் பால்கனியில் நின்றால் எதிர்ப் பக்கத்து ஜன்னல்கள் அத்தனையும் தெரியும். எல்லா வீட்டிலும் ஒரே சீரியல்தான் ஓடும். கதாநாயகி அழுதால் எல்லா ஜன்னலும் நீலமாகும். விளம்பரம் வந்தால் எல்லாம் வெளிறும். ஆழத்தில் ஒரு மீன் கூட்டம் சட்டென்று ஒரே திசையில் திரும்புவது போல இருக்கும்.

பல்புகளைச் சோதிக்கும் கூடத்தில் எனக்கு வேலை. பௌதிகம் படித்ததற்குக் கிடைத்தது. பகல் முழுவதும் இருட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பல்பாக ஏற்றி அதன் வெளிச்சம் எவ்வளவு மஞ்சள், எவ்வளவு நீலம் என்று பார்ப்பேன். வீட்டுக்கு வந்த பிறகும் கண் அதையேதான் தேடும். அதிலும் எதிர் வீட்டுத் திரைச்சீலைகள் எல்லாம் அம்மா தைத்தவை. எந்த வெளிச்சம் எந்தத் துணி வழியாக வருகிறது என்பது வரை எனக்குத் தெரியும்.

எங்கள் ஜன்னல் மட்டும் பாதி நீலம், பாதி மஞ்சளாக இருக்கும். நீலம் அப்பாவின் டிவி. மஞ்சள் அக்காவின் மேஜை விளக்கு. ஒரே கூடம்தான். அப்பா இந்தக் கோடியில் சீரியல் பார்ப்பார், அக்கா அந்தக் கோடியில் எழுதுவாள். காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள்.

"இன்னும் ரெண்டே வாரத்துல இந்த சீரியல் முடிஞ்சிரும்மா" என்பார் அப்பா. நான் கல்லூரியில் சேர்ந்த வருடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அக்காவுக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. நகரத்தில் எங்கே லிஃப்ட் நின்றாலும் உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அக்காவின் காதில் மணி அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும் வரை மாட்டிக்கொண்டவர்களிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நேரில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசமாட்டாள். ஃபோனில் முகம் தெரியாத ஆளென்றால் சரளமாக வரும். ஒரு தடவை மூச்சு முட்டுகிறது என்று அழுத ஒருவரிடம், "இது நிக்கலங்க, யோசிக்குது. நாலாம் மாடிக்கும் அஞ்சாம் மாடிக்கும் நடுவுல ஒரு அரை மாடி இருக்கு. அங்க இறங்கலாமா வேணாமான்னு யோசிக்குது" என்று சொல்லிவிட்டாளாம். அவர் அழுகையை நிறுத்திவிட்டு, "அங்க என்ன இருக்கு?" என்று கேட்டாராம்.

அக்காவுக்கு அப்போது பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து எழுதத் தொடங்கினாள்.

அரை மாடியில் எப்போதும் மதியம் நாலு மணி. நீளமான நடை, இரு பக்கமும் அறைகள். ஒவ்வோர் அறையிலும் தொலைந்துபோன ஓர் ஓசை குடியிருக்கும். இடித்துவிட்ட வீட்டின் கேட் சத்தம். வளர்ந்துவிட்ட பிள்ளையின் பால்பல் சிரிப்பு. ஒரு லிஃப்ட்காரர் தினம் அங்கே இறங்கி ஓர் அறையைத் திறந்து பார்ப்பார். கடைசி அறையிலிருந்து அவரை யாரோ சின்ன வயதுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர் கைப்பிடியில் கை வைப்பார். முதல் பாகம் அங்கே முடிகிறது.

பதிப்பாளர் வீட்டுக்கே வந்தார். சட்டைப் பையில் பென்சில் செருகியிருந்த, தூக்கம் போதாத மனிதர். விலை பற்றிப் பேச்சு வந்தபோது அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என் ஆபீஸ்ல பக்கத்து சீட்ல இருக்கிற பொண்ணு யோசிக்காம வாங்கற மாதிரி இருக்கணும்."

"யோசிக்காம வாங்கறதுன்னா இலவசமாத்தாம்மா குடுக்கணும்" என்றார் அவர். பிறகு பென்சிலை எடுத்து, காகிதம், அச்சு, தையல், கடைக்காரர் பங்கு, எழுதியவர் பங்கு என்று ஒவ்வொன்றாக வட்டம் போட்டுக் காட்டினார். அக்கா எல்லா வட்டத்தையும் பார்த்துவிட்டு, "இதுல உங்க வட்டம் எங்க?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். கடைசியில் அவர் நினைத்ததற்குக் கீழே, அக்கா கேட்டதற்கு மேலே, ஒரு சினிமா டிக்கெட்டும் இடைவேளைக் காபியும் சேர்ந்த விலைக்கு வந்து நின்றார்கள். யாருக்கும் வயிற்றெரிச்சல் இல்லாத விலை என்றார் அவர்.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"வருஷக் கடைசிக்குள்ள அச்சடிக்கிறதுல பாதியாவது வித்தாத்தாம்மா ரெண்டாம் பாகத்தைத் தொட முடியும். இல்லேன்னா மனசு இருந்தும் கை ஓடாது."

அக்கா தலையை ஆட்டினாள். அன்றைக்கே இரண்டாம் பாகத்தைத் தொடங்கிவிட்டாள்.

புத்தகம் வந்தது. அட்டையில் லிஃப்ட் கதவின் இடுக்கு வழியாக ஒரு கீற்று வெயில். அக்காவுக்கென்று கொடுத்த பிரதிகளில் ஒன்றை அம்மா தையல் மிஷின் மேல் வைத்துக்கொண்டாள். துணி அளவெடுக்க வருபவர்கள் எல்லாரும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். வாங்குகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துத்தான் ஜன்னல்களில் அது தொடங்கியது.

முதலில் மூன்றாம் மாடி அத்தை வீடு. உறவில்லை, நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம். எட்டு மணிக்கு எல்லா ஜன்னலும் நீலமானபோது அது மட்டும் ஆகவில்லை. பச்சைத் திரைக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு அசையாமல் நின்றது. ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் உள்ளே நிழல் இருந்தது. அடுத்த வாரம் பல் டாக்டர் வீடு. அப்புறம் அதற்குக் கீழே, அதற்குப் பக்கத்தில். மீன் கூட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக விலகிப்போய்த் தனியாக நின்றன. சீரியலின் தொடக்கப் பாட்டு முன்பெல்லாம் கட்டடம் முழுக்க ஒரே குரலாகக் கேட்கும். இப்போது மெலிந்துவிட்டது. கடைசியில் எங்கள் வீட்டிலிருந்து மட்டும் வருவது போல ஆகிவிட்டது.

"என்னப்பா, எல்லாரும் டிவிய அணைச்சிட்டாங்க?"

"கரண்ட் பில் ஏறியிருக்கும்" என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

லிஃப்டிலும் ஏதோ நடந்தது. எங்கள் லிஃப்ட் நாலாம் மாடி தாண்டியதும் லேசாக நடுங்கும், எப்போதுமே. முன்பு யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இப்போது அந்த இடம் வந்ததும் உள்ளே இருப்பவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். செக்ரட்டரி, கட்டடத்தின் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிற கறாரான மனிதர், ஒரு நாள் காதைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றார். நான் பார்ப்பதைப் பார்த்ததும், "எண்ணெய் போடணும்" என்றார்.

எனக்கு எதுவும் புரியவில்லை. வேலைக் களைப்பில் எனக்குத்தான் எல்லாம் கனவு மாதிரித் தெரிகிறது என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு சாயங்காலம் லிஃப்ட் உண்மையாகவே நின்றது. அக்காவின் காதில் மணி அடித்தது. அவள் என்னிடம் பிறகு சொன்னது இது.

"வணக்கங்க, லிஃப்ட் உதவி. பயப்படாதீங்க. உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"ரெண்டு பேரும்மா. நானும் பல் டாக்டரும்." மூன்றாம் மாடி அத்தையின் குரல். "ஆள மெதுவா அனுப்புங்க, அவசரமில்ல."

அந்த வேலையில் அக்கா அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை.

"எந்த மாடிகிட்டங்க நிக்குது?"

"நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. இதுக்குன்னேதான் மேல வரைக்கும் வந்தோம், அதனாலதான் அவசரமில்லங்கறேன். செத்த சும்மா இருங்க, நாங்க கேட்டுக்கிட்டு இருக்கோம்."

"என்னத்தைங்க?"

"அரை மாடிய."

அக்கா ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

டாக்டர் குறுக்கே வந்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா, எங்களுக்கு மூளை கலங்கல. எங்க பில்டிங்ல ஒரு பொண்ணு கதை எழுதியிருக்கு. அதுல இந்த இடம் வருது. நேர்ல பாத்தா வாயே திறக்காது அந்தப் பொண்ணு. நான் பல் டாக்டர், என்கிட்டயே திறக்காதுன்னா பாத்துக்குங்க. எழுத்துல மட்டும் எப்படித்தான் அவ்வளவு பேசுதோ!"

"எனக்கு அந்தக் கேட் சத்தம்தாங்க" என்றாள் அத்தை. "எங்க பழைய வீட்டு கேட் அப்படியேதான் கத்தும். படிச்சிட்டு டிவி போடவே தோணல. அப்படியே உக்காந்திருந்தேன்."

அக்கா ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் மெக்கானிக் போய்ச் சேர்ந்துவிட்டார், லிஃப்ட் நகர்ந்துவிட்டது. "அடடா, கிளம்பிருச்சே" என்று டாக்டர் வருத்தப்பட்டது மட்டும் கேட்டது.

அவளால் உட்கார முடியவில்லை. ஆபீஸ் நடைக்குப் போய்ப் பதிப்பாளருக்கு ஃபோன் செய்தாள். கட்டடம் முழுக்கப் படிக்கிறார்கள் என்றால் எத்தனை பிரதி போயிருக்கும், பாதியைத் தொட்டிருக்குமா? கேட்கும்போதே சிரித்துவிட்டாளாம்.

"ஒண்ணும் நகரலையேம்மா" என்றார் அவர். "போன தடவை சொன்ன அதே இடத்துலதான் நிக்குது. கடைங்க திருப்பி அனுப்ப ஆரம்பிச்சிட்டாங்க. நான் எப்படி உங்ககிட்ட சொல்றதுன்னுதான்..."

அன்றைக்கு நானும் அவளும் ஒன்றாகத்தான் வீடு திரும்பினோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, வெளியே பார்த்தபடியே இரண்டு ஃபோனையும் பற்றிச் சொன்னாள். லிஃப்டில் மூன்றாம் மாடி அத்தை ஏறினாள். அக்காவைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"கதை நேத்தோட முடிஞ்சிருச்சே! ஞாயித்துக்கிழமை வரைக்கும் உன்கிட்ட காட்டக்கூடாதுன்னா உங்கம்மா, எனக்குப் பொறுக்கல. இந்தா, கையெழுத்துப் போட்டுக் குடு."

பையிலிருந்து கம்பிச் சுருள் போட்ட தாள் கட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். மேலே பிளாஸ்டிக் அட்டை. அக்கா திறந்தாள். ஒவ்வொரு தாளிலும் புத்தகத்தின் ஒரு பக்கம், போட்டோ எடுத்து அச்சிட்டது. ஒவ்வொரு பக்கத்தின் இடது கீழ் மூலையிலும் ஒரு கட்டைவிரல். நகத்தின் நடுவில் நீளமாக ஒரு கருங்கோடு. தையல் மிஷின் ஊசி ஏறினால் அப்படித்தான் கோடு விழும்.

அக்கா ஒரு தாள் புரட்டினாள், கட்டைவிரல். இன்னொன்று, கட்டைவிரல். லிஃப்ட் லேசாக நடுங்கியது. அத்தை காதைத் தீட்டினாள்.

அக்கா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

வீட்டில் அம்மா மிஷினில் இருந்தாள். அப்பா டிவியில்.

"அம்மா, உன் கட்டைவிரலக் காட்டு" என்றாள் அக்கா.

"எதுக்குடி?" அம்மா கையை நீட்டியபடியே சிரித்தாள். "தெரிஞ்சு போச்சா! ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு உனக்குச் சொல்லலாம்னு இருந்தேன். எந்த வாயாடி சொன்னது?"

"யாரும் சொல்லல. விரல்தான் சொல்லிச்சு."

அம்மா பெருமையோடு எல்லாவற்றையும் கொட்டினாள். எல்லாரும் புத்தகம் கொடு, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார்களாம். இருப்பதோ ஒன்று, கேட்பதோ இத்தனை வீடு. அதனால் நாங்கள் வேலைக்குப் போனதும் பால்கனி வெளிச்சத்தில் வைத்துப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தாளாம். பக்கம் மூடிக்கொள்ளாமல் இருக்க விரலால் பிடித்துக்கொண்டாளாம். தினம் ஓர் அத்தியாயம், சரியாக எட்டு மணிக்கு, எங்கள் வீட்டில் அவள் மட்டுமே சேர்ந்திருக்கும் கட்டடத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாளாம்.

"ஏன் எட்டு மணி?" என்று கேட்டேன்.

"அப்பதானே எல்லாரும் ஃபோனும் கையுமா டிவி முன்னாடி உக்காந்திருப்பாங்க. சீரியலுக்கு முன்னாடி போட்டாத்தான் படிப்பாங்க. படிச்சாங்கல்ல? ஃபோன்ல கண்ணு வலிக்குதுன்னு கீழ ஜெராக்ஸ் கடையில குடுத்து அச்சு எடுத்துக்கிட்டாங்கடி! அவ்வளவு ஆசை!"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். பதிப்பாளர் சொன்னதைச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுவது போல, மெதுவாக, ஒவ்வொன்றாக.

"அதனால ரெண்டாம் பாகம் வராதும்மா."

அம்மாவின் கால் மிஷின் பெடலிலேயே நின்றது.

"நல்லா இருந்தா வாங்குவாங்கன்னு நினைச்சேன்டி" என்றாள். "நான் ஊருக்கே திரைச்சீலை தைக்கிறவ. ஒரு துணிய யாராவது ஓசியில கேட்டா விடுவேனா? உன்னோடத எடுத்து நீட்டியிருக்கேனே."

"பரவாயில்லம்மா. படிச்சாங்களே" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து மேஜை விளக்கு எரியவில்லை. அக்கா வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். எட்டு மணிக்கு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்த்தாள். அப்பாவுக்கு முதலில் துணை கிடைத்த சந்தோஷம். அவள் பக்கம் திரும்பி, "இவ வில்லி. இல்ல, போன வருஷம் வரைக்கும் வில்லி" என்று விளக்குவார். அக்கா, "ஓ" என்பாள். இரண்டு நாளில் அவருக்கே அது பிடிக்காமல் போய்விட்டது. நெளிந்தார்.

நான் எதிர்ப் பக்கம் பார்ப்பேன். அங்கே மஞ்சள் ஜன்னல்கள் அப்படியே இருந்தன. எதை எதையோ படித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஜன்னல் முழு நீலமாக இருந்தது.

ஒரு காலையில் அம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"சின்னவளே, செருப்ப மாட்டு."

ஜெராக்ஸ் கடை கேட்டுக்கு வெளியே, படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. மிஷினின் வெளிச்சம் போய்ப் போய் வரும், சூடான காகித வாசனை அடிக்கும். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கம்பி கோத்துக்கொண்டிருந்தார். மேஜையில் அடுக்கு. எல்லாம் அக்கா எழுதியதுதான்.

"வாங்கக்கா. பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வந்து கேக்கறாங்க. நல்ல ஓட்டம்!"

அம்மா ஒரு பிரதியைத் திறந்து மூலையில் இருந்த கட்டைவிரலுக்குப் பக்கத்தில் தன் கட்டைவிரலை வைத்தாள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயோ, நீங்கதானா அது! நான் யாரோ பெரிய ஆபீசர் விரல்னு நினைச்சேன்."

"தம்பி, இத எவ்வளவுக்குக் குடுக்கறீங்க?"

"நான் கதைக்குக் காசு வாங்கறதில்லக்கா. அது பாவம். தாளுக்கு, மைக்கு, கம்பிக்கு. அவ்வளவுதான்." விலையைச் சொன்னார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பையிலிருந்து உண்மையான புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். ஒரு போட்டோவுக்கு ஒரு தாள், அதுவும் ஒரு பக்கம்தான். ஆகவே அவருடைய கட்டு புத்தகத்தைவிட மூன்று மடங்கு தடி, விலையும் கொஞ்சம் கூடுதல்.

"அசல் இதவிடக் குறைச்சலா?"

"குறைச்சல்தான்" என்றேன். "அதுல எழுதினவங்க பங்கும் இருக்கு."

"அப்ப எல்லாரும் தாளுக்குக் குடுத்தீங்க, மைக்குக் குடுத்தீங்க, கம்பிக்குக் குடுத்தீங்க" என்றாள் அம்மா. "எம்பொண்ணுக்கு மட்டும் குடுக்கல. உங்கமேல தப்பில்ல தம்பி. தொடங்கி வெச்சவ நான்தான்."

அவர் கம்பியைக் கீழே வைத்தார்.

"நான் தப்புப் பண்றேன்னே தெரியாது. இது பாடப் புத்தகம் மாதிரின்னு..." என்று இழுத்தார். பிறகு, "பாடப் புத்தகமும் யாரோ எழுதினதுதான் இல்ல?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது அவருக்குப் பிடித்த யோசனையாகத் தெரியவில்லை. அந்த மிஷின் அதில்தான் ஓடுகிறது.

"இந்த ஒண்ண நிறுத்திடறேங்க்கா. மத்ததுக்கு யோசிக்கணும். அசல வாங்கி வெச்சு வித்தா எனக்கு ஏதாவது நிக்குமா?"

"கடைக்காரர் பங்குன்னு ஒரு வட்டம் இருக்கு" என்றேன்.

அன்று எட்டு மணிக்கு அம்மா குரூப்பில் பேசிப் பதிவு செய்தாள். டைப் அடிக்க நேரமாகுமாம். பால்கனியில் நின்று ஃபோனை வாய்க்கு நேராக, ரொட்டித் துண்டு மாதிரிப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான்தான், கட்டைவிரல். எம்பொண்ணு புத்தகத்த அவளக் கேக்காம உங்களுக்கு எடுத்துக் குடுத்துட்டேன். அது என் சொத்து இல்ல, அவளோடது. பெத்ததால என்னோடதுன்னு நினைச்சிட்டேன். இனிமே யாருக்கும் அனுப்பாதீங்க, இருக்கறத அழிச்சிடுங்க. புத்தகம் கீழ ஜெராக்ஸ் கடைக்கு வரும். ரெண்டாம் பாகம் வரணும்னா இது விக்கணும். வேற ஒண்ணுமில்ல. வெச்சிடறேன்."

பதில்கள் வந்தன. சிலர் கும்பிடும் கைகளை அனுப்பினார்கள். சிலர் ஒன்றுமே அனுப்பவில்லை. செக்ரட்டரி ஒரு கேள்வி போட்டார், படித்து முடித்த புத்தகத்தை எதற்கு வாங்க வேண்டும் என்று.

அம்மா மறுபடி ஃபோனை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ஹோட்டல்ல சாப்பிட்டு முடிச்சப்புறம்தானேங்க பில்லு வருது?"

பிறகு எதிர்ப் பக்கத்து ஜன்னல் ஒன்றிலிருந்து பல் டாக்டர் சிரிக்கும் சத்தம், ஃபோன் இல்லாமலே கேட்டது.

அக்கா உள்ளே சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். திரும்பவில்லை.

ஒரு வாரம் கழித்து மூன்றாம் மாடி அத்தை வந்தாள். கையில் புதுப் புத்தகம்.

"அன்னைக்குப் போட்டது ஓசிக் கையெழுத்து. இது காசு குடுத்து வாங்குனது. நல்லா பெருசா போடு."

அக்கா போட்டாள். அத்தை புத்தகத்தைப் புரட்டி மூலையைத் தடவினாள்.

"ஆனா ஒண்ணுடி. இதுல விரல் இல்லாம ஒரு மாதிரி இருக்கு. அதுல யாரோ பிடிச்சுக்காட்டற மாதிரியே இருந்துச்சு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு.

"அது கிடக்கட்டும்" என்றாள் அத்தை, குரலைத் தணித்துக்கொண்டு. "அந்தக் கடைசி ரூம்ல யாரு? எனக்கு மட்டும் சொல்லு. செத்தாலும் வெளிய விடமாட்டேன்."

"எனக்கே தெரியாதுங்க அத்தை."

"தெரியாதா? அப்ப உக்காந்து தெரிஞ்சுக்க வேண்டியதுதானே?"

வருஷக் கடைசி நெருங்கியபோது பதிப்பாளர் ஃபோன் செய்தார். ஜெராக்ஸ் கடையிலிருந்து புத்தகம் கேட்டு ஆள் வருவதை இந்தத் தொழிலில் இதுவரை பார்த்ததில்லை என்றார். பாதி ஆகவில்லை. பாதிக்குப் பக்கத்தில் வந்திருந்தது. "எழுதுங்கம்மா" என்றார். "மீதிய என் புள்ளியில பாத்துக்கறேன்." அக்கா ஒரே ஒரு விஷயம் கேட்டாள். விலையை ஏற்றக்கூடாது. அவர் பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது.

ஃபோனை வைத்துவிட்டு அவள் மேஜை அருகே போய் வெறுமனே நின்றாள். நான் துணி மடித்துக்கொண்டிருப்பது போல இருந்தேன்.

அதே சாயங்காலம் பல் டாக்டர் வீட்டுக்குப் புதுத் திரைச்சீலை கொடுத்துவரச் சொன்னாள் அம்மா. எதிர்ப் பக்கம், நான் எப்போதும் பார்க்கும் ஜன்னல். அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டை நான் பார்த்ததே இல்லை. டாக்டர் ஸ்டூல் மேல் ஏறிக் கம்பியில் துணியைக் கோத்தார். நான் கீழே நின்று நுனியைப் பிடித்துக்கொண்டேன். அவர் சோபாவில் ஏதோ ஒரு புத்தகம் கவிழ்த்து வைத்திருந்தது. டிவி மேல் கழுவிய துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

மணி எட்டு. ஐந்தாம் மாடியில் எங்கள் ஜன்னல் நீலமாயிற்று. அப்பாவின் பக்கம். நான் துணி நுனியை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறு கோடியில் மஞ்சள் வந்தது. முதலில் மங்கலாக, பிறகு அக்கா விளக்கைத் தாழ்த்தியிருப்பாள், திடமாக.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முந்தின நாள் அவர் ஜெராக்ஸ் கடைப் பொட்டலம் ஒன்றை ஒளித்துக்கொண்டு வந்தார். உள்ளே அக்காவின் புத்தகம்.

"வீட்லயே இருக்கேப்பா" என்றேன்.

"அது அவ குடுத்தது. இது நான் வாங்குனது" என்றார். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். திறந்த மாதிரித் தெரியவில்லை.

இப்போது அந்த நீலம் அசைந்தது. வெளிறியது, மறுபடி நீலமாயிற்று. கதாநாயகி அழுகிறாள். பிறகு அது அணைந்தது.

"உங்க வீட்ல என்னம்மா, அந்தப் பக்கம் மட்டும் இருட்டாயிருச்சு?" என்றார் டாக்டர், ஸ்டூல் மேலிருந்தே. "ஃபியூஸ் போச்சா?"

இருட்டாக இருந்த கோடியில் அம்மாவின் மிஷின் விளக்கு நகர்ந்து வந்தது. அது கழுத்து நீண்ட சின்ன விளக்கு, எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். அப்பாவின் நாற்காலி உயரத்தில் அது நின்றது.

"இல்லைங்க டாக்டர்" என்றேன். "அப்பா படிக்கப்போறார்."